வாழவந்தி மலையில் யாளியும் அசுணமும்

ஏற்காடு போய் வந்தவர்களைக் கேட்டால், ஏரியில் படகு விட்டதையும், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்ததையும்தான் சொல்வார்கள். கிள்ளியூர் அருவியையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. வாழவந்தி என்று ஓர் ஊர் அதே மலையில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. சுற்றிப் பார்க்க அங்கே பெயர் பெற்ற இடம் எதுவும் கிடையாது. காப்பிச் செடியும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், பலா மரமும், மாலையானால் வாசல் வரை வந்து நிற்கும் மூடுபனியும்தான்.

ஆனால் அந்தப் பெயர் இருக்கிறதே, அது ஒன்றே போதும். வாழவந்தி! பெயர்க் காரணம் பலர் பலவிதமாகச் சொல்லட்டும். என் காதில் அது "வாழ வந்தவள்" என்றுதான் விழுந்தது. புகுந்த வீட்டுக்கு வாழ வந்த நம் எல்லாருக்கும் பொருந்துகிற பெயர் இல்லையா?

என் கணவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு அங்கே சின்னதாக ஒரு காப்பித் தோட்டமும் ஓட்டு வீடும் உண்டு. "பொங்கல் லீவுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்களேன்" என்று வருஷா வருஷம் கூப்பிடுவார். இந்த வருஷம் போயே விட்டோம். என் அக்கா மகளையும், அவளுடைய ஐந்து வயதுப் பெண்ணையும் கூட அழைத்துப் போனோம். ஒரு வயதுப் பிள்ளையை அக்கா பார்த்துக்கொண்டாள்.

அழைத்துப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்று மாதமாக அந்தக் குழந்தை ராத்திரி தூங்குவதில்லை. பதினோரு மணிக்கு மேல் வீறிட்டு எழுந்து உட்காரும். "மூஞ்சி வருதும்மா, மூஞ்சி வருது" என்று அழும். டாக்டரிடம் காட்டியாயிற்று. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு, இந்தக் குழந்தையோடும் ராத்திரி விழித்து, என் அக்கா மகள் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். "ஒரே ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினாப் போதும் சித்தி" என்று அவள் போனில் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

வழியில் தாரமங்கலம்

சேலத்தில் இறங்கிய அன்று நேரே மலை ஏறாமல் தாரமங்கலம் போனோம். சேலத்திலிருந்து மேற்கே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்குள்ள கைலாசநாதர் கோயில், கெட்டி முதலியார்கள் என்ற குறுநில மன்னர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பெரிதாகக் கட்டிய கோயில். கல்லிலே இப்படியும் செய்ய முடியுமா என்று வாயைப் பிளக்க வைக்கும் வேலைப்பாடு. ஒரு தூணில் ராமன் மறைந்து நின்று அம்பு விடுகிறான். இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான்!

நான் சொல்ல வந்தது அங்கே இருக்கும் யாளியைப் பற்றி. சிங்க முகம், முட்டைக் கண், கோரைப் பல். திறந்த வாய்க்குள்ளே ஒரு கல் உருண்டை. விரலால் தள்ளினால் உருண்டை உள்ளேயே உருளும், வெளியே மட்டும் எடுக்க வராது. உருண்டையைத் தனியாகச் செய்து வாயில் போட்டதல்ல. ஒரே கல்லில், பல்லுக்குப் பின்னால் உளியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து பிரித்திருக்கிறார்கள். உளி ஒரு தட்டு கூடப் போயிருந்தால் பல்லும் போச்சு, உருண்டையும் போச்சு. இட்லிப் பானைத் துணியைக் கிழிக்காமல் எடுக்கவே நமக்குப் பொறுமை இருப்பதில்லை!

யாளி என்றால் என்ன? சிங்கத்தின் உடம்பு இருக்கும். முகம் சிலவற்றில் சிங்கம், சிலவற்றில் யானைத் துதிக்கை. யானை முகம் உள்ளதைக் கஜயாளி என்பார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில், பல்லவர் காலப் புலிக்குகை என்கிறோமே, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் யாளி முகங்கள்தான். மதுரைப் புதுமண்டபத்திலும் தூண் தூணாக யாளிகள் பாய்ந்து நிற்கும். உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மிருகத்தை, அடுத்த தெருவில் பார்த்துவிட்டு வந்தவன் போல நம் சிற்பி செதுக்கியிருக்கிறான்.

குழந்தை யாளியைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. "இந்த மூஞ்சிதான்!" என்றது. அக்கா மகள் முகம் வெளுத்துப் போயிற்று. "வா, போயிடலாம்" என்று தூக்கப் போனாள்.

அங்கே இருந்த பெரியவர் ஒருவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, இது உன்னைப் பார்த்தா முறைக்குது? நல்லாப் பாரு. வாசல் பக்கம்ல முறைக்குது! கெட்டது எதுவும் உள்ளே வந்துடக் கூடாதுன்னு காவல் நிக்குது. நீ உள்ளே இருக்கிறவ. உனக்கென்ன பயம்?" என்றார். பிறகு தானே விரலை விட்டு உருண்டையை உருட்டிக் காட்டினார். 'கடகட'வென்று சத்தம். கொஞ்ச நேரம் கழித்து முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. முதலில் ஒரு விரல். பிறகு இரண்டு விரல். யாளியின் வாய்க்குள் கையை விட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இதை முழுங்கவே தெரியலை!" என்று குழந்தை சொன்னதும் நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

இருபது வளைவு, ஒரு மலை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். குழந்தை எண்ணிக்கொண்டே வந்ததால் வாந்தி எடுக்க மறந்து போயிற்று.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ். இவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்றும், அவர்கள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

மலை உச்சியில் சுமார் 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில். கோயில் என்றால் கோபுரம் தேடாதீர்கள். குனிந்து போக வேண்டிய குகை. உள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும். மே மாதத்தில் திருவிழா நடக்கும். உச்சியில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். தென்கிழக்குத் திசையைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் கொல்லிமலை" என்றார் எங்களை அழைத்துப் போன நண்பர். எனக்கு உடனே, பத்தாவது படித்தபோது தமிழாசிரியை சொன்ன கொல்லிப்பாவை ஞாபகத்துக்கு வந்தாள்.

பாட்டிலே வாழ்கிறவர்கள்

கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு, தெய்வம் செய்து வைத்த பெண் உருவம் என்று சங்கப் பாட்டுகளில் வருகிறது. அவள் சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவாள் என்பது பின்னால் பரவிய கதை. ஆண்களுக்குப் பெண்ணின் அழகைக் கண்டாலும் பயம்தான் போலிருக்கிறது! ஆனால் நற்றிணையில் பரணர் பாடிய பாட்டில் அவள் யாரையும் கொல்லவில்லை. காற்று மோதட்டும், மழை கொட்டட்டும், இடி விழட்டும், பூமியே குலுங்கட்டும், அந்தப் பாவை தன் அழகு குலையாமல் நிற்கிறாள். ஒரு குறவனின் செல்ல மகளை நினைத்து ஏங்குகிறவன், அவளை இந்தப் பாவைக்கு ஒப்பிடுகிறான்.

மறுநாள் வாழவந்தித் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாவை புரிந்தாள். ஜனவரிக் குளிர். பனி மழையாகச் சொட்டுகிறது. தலையில் ஒரு துண்டு, இடுப்பில் கட்டிய பை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சரிவில் நின்றபடியே சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். நடுவில் ஒருத்தி பாட்டு எடுக்கிறாள், இன்னொருத்தி சிரிக்கிறாள்.

அவர்களில் ஓர் அம்மாவிடம், "உங்க பிள்ளைங்க ராத்திரி பயப்படாதா? சுத்தி ஒரே காடா இருக்கே?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாம என்னங்கம்மா! காட்டெருமை வரும், பாம்பு கெடக்கும். எது வரும், எப்ப வரும், எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு சொல்லித்தான் வளக்கிறோம். இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தினா, நெசமா வர்றப்ப எதுக்கு ஓடுறதுன்னு பிள்ளைக்குத் தெரியாதுங்களே" என்றார். பதில் சொல்லிக்கொண்டே கை நிற்காமல் பறித்துக்கொண்டிருந்தார். நான் படித்த எத்தனையோ குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளில் இல்லாத விஷயம்!

அன்று மாலை அடுப்பங்கரையில் உட்கார்ந்து அக்கா மகளுக்கு இன்னொரு பிராணியின் கதையைச் சொன்னேன். அசுணம் என்று பெயர். மலைக் குகையில் இருக்குமாம். மிருகம் என்பார் சிலர், பறவை என்பார் சிலர். இசை என்றால் அதற்கு உயிர். வண்டு ரீங்காரம் செய்தால்கூட, யாரோ யாழ் வாசிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கும் என்று அகநானூறு சொல்கிறது. அதைப் பிடிக்க வேடர்கள் என்ன செய்வார்களாம் தெரியுமா? முதலில் இனிமையாக யாழ் வாசிப்பார்கள். அசுணம் மயங்கி வெளியே வரும். சட்டென்று பறையை அடிப்பார்கள். அந்தக் கடூரச் சத்தத்தில் அது அப்படியே விழுந்து உயிரை விட்டுவிடும். நற்றிணையில் ஒரு தலைவி, "அவர் மார்பு எனக்கு இன்பமும் தருகிறது, துன்பமும் தருகிறது, அசுணத்தைக் கொல்கிறவர் கை மாதிரி" என்கிறாள். யாழ் வாசித்ததும் அதே கை, பறை அடித்ததும் அதே கை!

கதையைக் கேட்டுவிட்டு அக்கா மகள் வெகு நேரம் பேசவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சித்தி, ராத்திரி மடியில போட்டுத் தாலாட்டுறதும் நான்தான். பகல்ல ஒரு வாய் சோத்துக்காக, பூச்சாண்டி வர்றான், மூஞ்சியைப் பாருன்னு பயமுறுத்துறதும் நான்தான். தம்பி பொறந்ததிலேர்ந்து எனக்கு நேரமே இல்லை. சீக்கிரம் சாப்பிடணும்னு தினமும் மூணு வேளையும் அதையே சொல்லியிருக்கேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

நான் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? நம் வீடுகளில் பூச்சாண்டி வராத சாப்பாட்டு வேளை எது? கையில் ஒன்று, காலைச் சுற்றி ஒன்று என்று இருக்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் கிடைக்கிற ஒரே கைத்தடி அதுதான். ஆனால் பெரியவர்களுக்கு விளையாட்டாக இருப்பது, ஐந்து வயதுக்கு நிஜம். அதுவும் தம்பி பாப்பா வந்து அம்மாவின் மடி பங்கு போன நேரம். பயம் சுலபமாக உள்ளே புகுந்துகொள்ளும்.

கனவைத் தின்னும் பாகு

யாளி மாதிரிப் பிராணிகள் நமக்கு மட்டும் சொந்தமல்ல. சீனாவில் கோயில், மாளிகை வாசல்களில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். ஆண் சிங்கத்தின் பாதத்துக்கடியில் ஒரு பந்து. பெண் சிங்கத்தின் பாதத்துக்கடியில் ஒரு குட்டி. அங்கேயும் காவல் வேலையோடு பிள்ளை வளர்க்கிற வேலையும் பெண்ணுக்குத்தான்! சில சிங்கங்களின் வாய்க்குள் உருளுகிற கல் உருண்டை கூட உண்டு, நம் தாரமங்கலத்து யாளி போலவே.

1414-ல் வங்காளத்திலிருந்து சீனச் சக்கரவர்த்திக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி பரிசாகப் போயிற்று. அதற்கு முன் அதைப் பார்த்திராத ஜனங்கள், தங்கள் புராணத்தில் வருகிற கிலின் என்ற மங்கல மிருகம்தான் நேரில் வந்துவிட்டது என்று கொண்டாடினார்களாம். பாரிஸ் நகரத்துக் குளூனி மியூசியத்தில், சுமார் 1500-ஆம் ஆண்டில் நெய்த ஆறு பெரிய திரைச்சீலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீமாட்டி, பக்கத்தில் ஒற்றைக் கொம்புக் குதிரை. சிங்கப்பூரில் 1972-ல் வைத்த மெர்லயன் சிலையை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சிங்கத் தலை, மீன் உடம்பு. புது ஊருக்கும் ஒரு காவல் பிராணி தேவைப்படுகிறது பாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜப்பானியர்களின் பாகு. வெல்லப் பாகு இல்லை, பிராணியின் பெயரே பாகு! யானைத் துதிக்கை, புலிப் பாதம், மாட்டு வால். கிட்டத்தட்ட நம் கஜயாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதன் வேலை, கெட்ட கனவுகளைத் தின்பது. கனவு கண்டு பயந்து எழுந்த குழந்தை, "பாகு, வந்து என் கனவைத் தின்னு" என்று மூன்று முறை சொன்னால் போதுமாம். புது வருஷத்தில் நல்ல கனவு வருவதற்காக, புதையல் கப்பல் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிற வழக்கமும் அங்கே உண்டு. அந்தக் கப்பலின் பாயில் பாகுவின் பெயரை எழுதுவார்கள்.

இதைக் குழந்தையிடம் சொன்னேன். "நம்ம யாளியும் தின்னுமா சின்னப் பாட்டி?" என்று கேட்டது. "வாய்ல உருண்டை இருக்கே, எப்படித் தின்னும்?" என்று அதுவே யோசித்தது. கடைசியில், உருண்டை இல்லாத யாளியாக ஒன்று வரைவது என்று முடிவாயிற்று. நண்பர் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கறுப்புப் பென்சிலாலே துதிக்கை, நாலு கால், வாய் நிறையப் பல். அதற்கு ஒரு பொட்டும் வைத்தது! படம் தலையணைக்கடியில் போயிற்று.

அன்று ராத்திரி ஒரு தடவை விழித்தது. அழவில்லை. தலையணைக்கடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. அக்கா மகளும் நானும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். விடிந்து ஏழு மணி வரை அந்த வீட்டில் யாரும் அவளை எழுப்பவில்லை.

மந்திரம் போட்டதுபோல ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் சில ராத்திரிகள் எழுந்தது. ஆனால் சாப்பாட்டு வேளையில் பூச்சாண்டி வருவது நின்றுவிட்டது. தூங்கப் போகும் முன் அம்மாவோடு தனியாகக் கால் மணி நேரம் கதை, தம்பிக்கு அதில் பங்கு கிடையாது என்று ஏற்பாடு. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் விழித்தால் அதிகம் என்கிறாள் அக்கா மகள்.

நம் வீட்டுக்குள்ளேயே

இந்தப் பிராணிகளைப் பார்க்கக் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. குத்துவிளக்கின் உச்சியில் நிற்கிற அன்னத்தைப் பாருங்கள். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற பறவை என்று கவிகள் பாடியது அதைத்தான். கல்யாணத்துக் காஞ்சிப் பட்டை எடுத்து ஜரிகைக் கரையைப் பிரித்துப் பாருங்கள். யாளி, அன்னம், இருதலைப் பட்சி என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். வாமி சிலையின் பின்னால் இருக்கும் திருவாசியின் உச்சியில் ஓர் அகன்ற வாய் முகம் இருக்கிறதே, அது கீர்த்திமுகம். சிவபெருமான் படைத்த அந்தப் பூதம் பசி தாங்காமல் தன் உடம்பையே தின்று தீர்த்து, முகம் மட்டும் மிஞ்சியது என்பது புராணம். அந்த முகத்தை வாசலுக்குக் காவலாக வைத்தார் ஈசன். மார்கழியில் நாம் போடுகிற அன்னப்பட்சிக் கோலமும் இந்த வரிசைதான்.

குழந்தைகளுக்கு இவற்றைக் காட்டி, பெயர் சொல்லி, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாத 'மூஞ்சி'தான் பயமுறுத்தும். பெயரும் கதையும் தெரிந்த மூஞ்சி வீட்டு மனிதராகிவிடும். ராத்திரி வீறிட்டு எழும் குழந்தையை உலுக்காதீர்கள், அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். அடிக்கடி தொடர்ந்தால் குழந்தை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

போகிறவர்களுக்கு

சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் நிறைய உண்டு. வாழவந்தி போன்ற உள்ளூர்களுக்குப் போக, ஏற்காட்டில் நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தங்கும் விடுதிகளுக்கு ஏற்காடுதான் வசதி. மலை ஏறும் முன் குழந்தைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம். இரண்டு இட்லி போதும். கையில் எலுமிச்சம்பழமும், பழைய பேப்பரும், ஒரு துண்டும் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, பிளாஸ்கில் வெந்நீர் அவசியம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டால் ஒரு வேளைச் செலவு மிச்சம்.

தாரமங்கலம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். யாளியின் வாய் உருண்டையைத் தொட, கோயிலில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முந்நூறு வருஷத்துக்கு மேலாகக் காவல் நிற்கிற பிராணி. பல் உடையாமல் நம் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும்.